மானாப்புல்லுக்குள் ஒரு வால்வு

சிரிக்க ஒரு சங்கதி இருக்கிறது. ஆனால் உடனே கிடைக்காது. முதலில் நாகலெட்சுமி அந்த மேட்டை ஏறி முடிக்கட்டும். பாவம், அவளுக்கு முழங்கால் வலி.

காலையிலிருந்து மழைக்குள் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றவளுக்கு, வாசலிலேயே மகள் லோஜினியின் குரல்.

"அம்மா, பீலிக் குழாயில தண்ணி நூல் மாதிரிதான் வருது. புள்ள நனைச்ச துணியெல்லாம் அப்படியே கெடக்கு. நாளைக்கு வர்ற சனத்துக்கு எதுல சோறாக்குறது?"

நாளைக்குப் பேரன் பிறந்த முப்பதாம் நாள் விசேஷம். பீப்பாயோ காலி.

"மேட்டு லயத்துக் களவாணிங்க திருகியிருப்பாளுங்க," என்று பல்லைக் கடித்தாள் நாகலெட்சுமி. "நீ அடுப்பப் பாரு. நான் ரெண்டு வெறகு பொறுக்கிட்டு வந்துர்றேன்."

விறகெல்லாம் சும்மா. அவள் போனது வால்வுக்கு.

மலையுச்சித் தாங்கித் தொட்டியிலிருந்து ஒரே பைப்பாக இறங்கிவரும் தண்ணீர், பாதி வழியில் மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கும், அதற்குக் கீழே நாகலெட்சுமி இருக்கிற பணிய லயத்துக்குமாகப் பிரியும். முன்பு பிரியுமிடத்தில் லயத்துக்கொரு வால்வு இருந்தது. இவர்கள் போய் அவர்களுடையதை மூடுவார்கள். அவர்கள் வந்து இவர்களுடையதை மூடுவார்கள். ஒருநாள் யாரோ மண்வெட்டியால் ஒன்றைப் போட்டு உடைக்க, சண்டை பொலிஸ் வரைக்கும் போனது.

ஒவ்வொரு தடவையும் ரென்ச்சைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கிற பைப் பாஸ் சோலைமலை. கடைசியில் மனுஷன் வெறுத்துப்போய் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, பிரியுமிடத்தை மண்போட்டு மூடி, மானாப்புல் மறைவில் ஒரே ஒரு வால்வை நட்டார்.

அன்றைக்கே நாகலெட்சுமியை ஓரமாகக் கூப்பிட்டார். எந்நேரமும் தடிமன் பிடித்து அடைத்த மூக்கு அவருக்கு. பேச்சு பாதி அதன் வழியாகத்தான் வரும்.

"அக்கா, சோத்தாங்கைப் பக்கம் திருகுனா ஒங்க லயத்துக்குத் தண்ணி கூட வரும். வெளிய சொல்லிப்புடாதீங்க. இனி என்னையக் கூப்புடவும் கூப்புடாதீங்க. ஏலாதுக்கா, காலு ரெண்டும் செத்துப்போச்சு."

சொன்னது பொய்யாகவில்லை. திருகிவிட்டு அவள் மெல்ல மெல்ல இறங்கி வருவதற்குள் பீலியில் கூட்டம் கலைந்திருக்கும். தண்ணீர் சடசடவென்று கொட்டும். பாஸ் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் அடுத்த தடவை போய்ப் பார்த்தால், வால்வு மற்றப் பக்கம் திருகிக் கிடக்கும். என்ன சனமோ, அடுத்தவன் தண்ணியைத் திருடிக் குடிக்கிற சனம்!

சிரிப்பா? பொறுங்கள். காலில் அட்டை ஏறிவிட்டது, பிய்த்துப் போடட்டும்.

புல்லை விலக்கினால், அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் குந்தியிருந்தது. மேட்டு லயத்து ஜீவராணி.

"வாங்கக்கா. காத்து வாங்க வந்தீங்களாக்கும்?"

"வெறகுக்கு வந்தேன். நீ?"

"கீரைக்கு."

"ஓ! கீரை இப்பல்லாம் வால்வுலதான் மொளைக்குதோ? கைய எடுடி. பச்சப் புள்ளக்காரி இருக்கிற வீடு எங்களது."

"எங்க வீட்டுல மாமியா படுத்த படுக்கை. ஒரு நாளைக்கு மூணு தரம் விரிப்பு அலசுறேன். அது தெரியுமா ஒங்களுக்கு?" ஜீவராணி கையை எடுக்கவில்லை. "பாஸே எனக்கு மட்டுந்தான் சொன்னாரு." மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அச்சு அசல் அவர் மாதிரியே பேசிக் காட்டினாள். "'தங்கச்சி, பீச்சாங்கைப் பக்கம் திருகு, ஒன் லயத்துக்குக் கொட்டும். யாருகிட்டயும் மூச்சு விட்றாத.'"

"பொய் சொல்லாத. என்கிட்ட சோத்தாங்கைப் பக்கம்னாரு."

"நீங்கதான் பொய் சொல்றீங்க."

"ஒன் தலையில அடிச்சிச் சொல்றேன்டி!"

"என் தலைய ஏன் இழுக்கிறீங்க? ஒங்க தலையில அடிங்க!"

தலையை விட்டுவிட்டு இருவரும் வால்வை இழுத்தார்கள். நாகலெட்சுமி வலப்பக்கம், ஜீவராணி இடப்பக்கம். விடிந்ததிலிருந்து உழைத்த நாலு கைகள். ஒன்றிலும் தெம்பில்லை, ஆனாலும் விடவில்லை. மழையில் ஊறிய மண் பொதுக்கென்று இளக, வால்வு பைப்போடு பிடுங்கிக்கொண்டு வந்தது. இருவரும் புல்லில் மல்லாந்தார்கள்.

"ஐயோ போச்சே! ரெண்டு லயத்துக்கும் போச்சே! விடிஞ்சா முப்பதாச்சே!" தலையில் கைவைத்தாள் நாகலெட்சுமி. பீய்ச்சியடிக்கப் போகிற தண்ணீருக்குப் பயந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் ஜீவராணி.

ஒன்றும் பீய்ச்சவில்லை.

குழிக்குள் ஒரு மண்புழு நெளிந்தது. அவ்வளவுதான்.

நாகலெட்சுமி மடியில் கிடந்ததைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் வால்வு. இருபக்கமும் எல்போ வளைவு போட்டு இறக்கிய சாண் நீளத் துண்டுப் பைப்பு. இரண்டின் வாயிலும் மூடி. கழன்றுவிடக் கூடாதென்று த்ரெட் டேப் வேறு சுற்றி இறுக்கியிருந்தார் பாஸ். உள்ளே சொட்டு ஈரமில்லை.

கீழே பக்கத்தில் தெரிந்த மேட்டு லயத்துப் பீலியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதற்கும் கீழேயிருந்து லோஜினி கூவினாள்.

"அம்மா! எல்லாரும் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, தண்ணி கொட்டுது! பீப்பா நெறையப் போகுது, வெறகு போதும், எறங்கி வாங்க!"

ஜீவராணி முந்தானையை இறக்கினாள். நாகலெட்சுமி குழியைப் பார்த்தாள், வால்வைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"அடியேய்... இத்தன நாளா அட்டைக்கடி பட்டு நாம ரெண்டு பேரும் திருடுனது, நம்ம சொந்தப் பங்கத்தானா?"