ரிவர்ஸ் இல்லாத வண்டி

ஓடைக்குள் இறங்கிய வண்டி நின்றுவிட்டது.

முன்னால் ஆளுயரப் பாறை. இரண்டு பக்கமும் மண்சுவர். வந்த வழி பின்னால் திறந்துதான் கிடந்தது. ஆனால் இந்த வண்டி பின்னால் வராது.

அவள் மூச்சிரைக்க வந்து கரையில் நின்றாள். வாசலில் இருந்து வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். காலில் செருப்புகூட இல்லை.

உள்ளே அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். பாறையைப் பார்த்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

எப்படி அடங்கும்? போர் போடுகிற ரிக் லாரியில் இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, அவர் தானாக வீட்டைவிட்டு வெளியே வந்தது இன்றைக்குத்தான்.

அவரே யோசித்துக் கட்டிய வண்டி. கால் செய்கிற வேலையெல்லாம் கைக்கு வந்திருந்தது. கியருக்கு ஒரு கம்பி, பிரேக்குக்கு ஒரு கம்பி. பழைய பைக் எஞ்சின். பின்னால் தேய்ந்த ஜீப் டயர்கள். சுற்றிலும் பட்டறையில் கழித்துப்போட்ட குழாய்களால் ஒரு கூண்டு. காடு மேடெல்லாம் ஏறவேண்டும் என்று அடிச்சட்டத்தை இரண்டு தடவை அறுத்து உயர்த்தினார்.

அவர் கட்டினார் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும்.

குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? போல்ட் முறுக்கியது யார்? வெல்டிங் வெளிச்சம் பட்டு, கண்ணில் மண் விழுந்த மாதிரி விடிய விடியக் கிடந்தது யார்? கட்டிலில் இருந்து அவரைப் பலகையில் சறுக்கி இறக்கி, திரும்ப ஏற்றி, அவள் இடுப்புதான் கழன்று போயிற்று.

ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள். பக்கத்தில் இன்னொரு சீட் வைக்கலாமே என்று.

எஞ்சின் இழுக்காது என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கிடையாது, ஆட்டோ எஞ்சினாகப் போடுங்கள் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். ஆட்டோ மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு போனால் மானம் போய்விடுமாம். பின்னால் எடுக்க வேண்டுமென்றால் இறங்கி, காலை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினால் ஆச்சு என்றார்.

யார் இறங்குவது என்று மெக்கானிக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது ஓடைக்குள் இறங்கினாள். முன்பக்கக் குழாயில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டி அசையவில்லை. பின்சக்கரம் பாதி மணலுக்குள் இருந்தது.

"இன்னொருக்கா தள்ளு புள்ள."

தள்ளினாள். பாதம் வழுக்கியதுதான் மிச்சம்.

அவரைத் தூக்கலாமா என்று பார்த்தாள். பலகை வீட்டில் இருக்கிறது. கரை செங்குத்து. இரண்டு போனும் கட்டிலில் கிடக்கின்றன.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்தார்.

"நாச்சிமுத்தண்ணன் ஊட்டுக்குப் போ. டிராக்டர வரச் சொல்லு. நல்ல கயிறாக் கொண்டாரச் சொல்லு. சீக்கிரம் வந்துரோணும், ஆமா."

வேலமரத்து நிழல் வண்டி மேல் விழுந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும்படி கூண்டில் கட்டியிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் துண்டை மடித்து வைத்தாள். மேலே ஏறினாள்.

"கோகிலா!"

வந்துட்டேன் என்று வாய் தானாகத் திறந்தது. அவள் அதை மூடினாள். நடந்தாள்.

இன்னொரு தடவை கூப்பிட்டார். சோளக்காட்டைத் தாண்டியதும் அதுவும் கேட்கவில்லை.

அவள் நின்றாள்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

தங்கை மகள் கல்யாணத்துக்கு அவள் போனதும் போகாததும் ஒன்றுதான். மொய் வைத்தாள், மணவறையில் முகம் காட்டினாள், பந்தியில் உட்காராமல் திரும்பிவிட்டாள். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம் ஆகியிருந்தது. வந்ததும், இத்தனை நேரமா என்று கேட்டார்.

பாவம், மனுசன். பாறையைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். போகவும் முடியாது, வரவும் முடியாது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

வேகமாக நடக்கத் தொடங்கினாள். அப்புறம் அவளை அறியாமலேயே நடை மெதுவானது. இரண்டு கையும் சும்மா இருந்தன. வீசி நடந்தாள்.

வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

நாச்சிமுத்தண்ணன் வீட்டு வாசலிலேயே டிராக்டர் நின்றது. சாவிகூட அதிலேயே தொங்கியது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் நிமிர்ந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"அட, நம்ம கோகிலாவா! அதிசயமா இருக்குது. அவர ஆரு பாத்துக்கறாங்க?"

"அவரு நெழல்லதான் உக்காந்திருக்காருங்க்கா."

"எந்திரிச்சு உக்கார்றாரா? நல்லதாப் போச்சு. அண்ணனும் உள்ளதான் இருக்காரு. ஏதாச்சும் சோலியா வந்தியா?"

அவள் டிராக்டரைப் பார்த்தாள்.

"சும்மாதானுங்க்கா."

"அப்ப உள்ள வா. டீ வெக்கறேன்."

பாதத்து மணலைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள். நாற்காலியில், முதுகு சாய்த்து, நன்றாக உட்கார்ந்தாள்.

"சக்கர கொஞ்சம் தூக்கலாப் போடுங்க்கா" என்றாள்.