நாலாவது கட்டம்

"ஏழு கழுதை வயசாச்சு. கட்டம் போட்டு விளையாடுறீங்களே, வெட்கமா இல்லை?"

சலவை ஆலையின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளைத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒரே இழுப்பில் கிழித்தார். வேலை முடிந்து ஆங்கில வகுப்புக்கு உட்கார்ந்திருந்தவர்கள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தாளில் இருந்தவை நான்கு கட்டங்கள். யார்? யாரிடம்? என்ன கேட்கிறார்? பதிலுக்கு என்ன தருகிறார்?

டீச்சர் கோபப்படவில்லை.

"இங்கிலீஷ்ல ஒருத்தர் மடமடன்னு பேசும்போது எல்லாச் சொல்லையும் பிடிக்க முடியாது சார். இந்த நாலுக்கு வேண்டியதைப் பிடிச்சாப் போதும். மீதி தவிடு."

"இவங்களுக்கு எதுக்கு இங்கிலீஷ்? மேனேஜர்கிட்ட பேசத்தான் நான் இருக்கேனே!"

கிழித்த தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனார்.

டீச்சர் இன்னொரு தாளை ஒட்டினார். கைபேசியில் ஓர் ஆங்கில உரையாடலை ஓடவிட்டார். "எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

இஸ்திரி இயந்திரம் ஓட்டுகிறவள் முதலில் கை தூக்கினாள். "யாரு, ஓட்டல்காரர். யார்கிட்ட, நம்மளை மாதிரி ஒரு சலவைக்காரர்கிட்ட. கேட்டது, துண்டு. பதிலுக்குத் தந்தது, திட்டு!"

அறையே சிரித்தது.

துணி மடிப்பவர் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்குப் புரிஞ்சுட்டா தலைவர் கடையை மூட வேண்டியதுதானே? அந்தப் பயம்."

சங்கத்துக்குச் சந்தா கேட்டால் சட்டைப்பையைத் தடவுகிற ஆள் இந்த மடிப்பவர். ஆனாலும் அந்தச் சந்தேகம் எல்லோருக்குள்ளும் இருந்தது. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் தலைவர் ஒருவர்தான் பாலம். பாலத்துக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாளே வந்தது வினை.

இஸ்திரி இயந்திரத்தில் சூடு மிஞ்சி ஒரு கட்டுப் படுக்கை விரிப்பு கருகிப்போனது. அதை ஓட்டியவள், இரண்டு குழந்தைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள். இன்றோடு கணக்கை முடித்து அனுப்பச் சொல்லி மேனேஜரிடமிருந்து உத்தரவு வந்தது.

"அழாதே. நான் போய்ப் பேசுறேன். நீ இங்கேயே இரு," என்றார் தலைவர்.

"என் பொழப்பைப் பத்தின பேச்சு. நானும் வர்றேண்ணே."

"வந்து என்னம்மா பண்ணப்போறே? ஒரு மண்ணும் புரியாது உனக்கு."

"புரியாட்டிப் போகுது. ஓரமா நிக்கிறேன்."

தலைவரின் முகம் சுண்டிப்போனது. மடிப்பவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். "பார்த்தியா? எனக்கு அப்பவே தெரியும்."

மேனேஜரின் அறை கண்ணாடி அறை. பேச்சு கேட்காது, ஆட்டம் மட்டும் தெரியும். துணிவண்டிகளுக்குப் பின்னால் கூட்டம் கூடிவிட்டது.

உள்ளே தலைவர் மேசையைக் குத்தினார். விரலை ஆட்டினார். தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூலையில் நின்றவளின் விரல் மட்டும், மேலங்கி மேல் எதையோ கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தது.

"இப்பவும் கட்டம் போடுதுடா இது!" என்றார் மடிப்பவர்.

கதவு திறந்தது. தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"விட்டேன் பாரு ஒரு டோஸ், ஆள் ஆடிப்போயிட்டான்! நீ நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாம்மா."

கைதட்டல் அடங்கவே நேரமானது. மடிப்பவர் தட்டவில்லை. அவளை ஓரமாக அழைத்தார்.

"உனக்குத்தான் கட்டம் தெரியுமே. நிஜத்தைச் சொல்லு. நம்மளை எங்கேயாவது அடகு வச்சுட்டாரா?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் தலைவர் பக்கத்திலேயே நின்றார். தம்ளர் வாய்க்குப் போகவில்லை.

"அட போங்கண்ணே! அவர் போட்ட சத்தத்துல எனக்கே உதறல் எடுத்துச்சு. இதுல எங்கே கட்டம் போடுறது?" என்றாள் அவள்.

மறுநாள் காலை, உலர்ந்த துணிகளை எண்ணி வாங்கும் தன் வழக்கமான நாற்காலியில் தலைவர் இல்லை. ஈர அறையில், முழங்கால் வரை நனைந்து, தண்ணீர் சொட்டும் விரிப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு நாள் பார்க்கிற வயது.

"உட்கார்ந்தே இருந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சுப்பா. சங்கத்துக்கு ஆளும் இங்கேதான் அதிகம். நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்று பெருமையடித்தார்.

"கேட்டாராம், கொடுத்தாங்களாம்! பேரம் படிஞ்சிருக்கு. இதுல என்ன ஆதாயம் பார்த்தாரோ!" என்று முணுமுணுத்தார் மடிப்பவர்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், தலைவர் மறுபடியும் தாளைக் கிழிக்க வந்தா ஒண்ணும் சொல்லாதீங்க. கிழிச்சுட்டுப் போகட்டும்."

"ஏம்மா?" டீச்சருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "நேத்து உள்ளே நின்னீங்களே, உண்மையிலேயே ஒண்ணும் பிடிபடலையா?"

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். சுவரில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"யாரு, தலைவர். யார்கிட்ட, மேனேஜர்கிட்ட. கேட்டது, என் வேலையை."

"பதிலுக்கு?"

"'தப்பு என்னோடது, இவளை விட்டுடுங்க, வேணும்னா என்னை ஈர அறைக்கு அனுப்புங்க'ன்னு கெஞ்சினார் டீச்சர்... வெளியில நிக்கிற எங்க ஆளுங்க பார்க்கிறாங்கன்னு, மேசையைக் குத்திக் குத்திக் கெஞ்சினார்."