சின்னையாவின் முட்டிவலி

முட்டி தெரிய அரைக்கால் சிலுவார் போட்டுக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் நின்று காலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார் சின்னையா. மனைவி நல்லம்மாளுக்கு மானமே போய்விட்டது.

ஐம்பதைத் தாண்டிய மனுஷன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பக்கத்து வீட்டுத் தாயம்மா, அண்ணன் கோலா சிலாங்கூருக்குப் பந்து விளையாடப் போகிறாரா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

கேட்டால் முட்டிவலியாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து தரும் டிரசர் உமாபதி நடக்கச் சொன்னாராம்.

"நடக்கிறதுக்கு எதுக்குங்க இந்த ஆட்டம்?"

"விடியக்காலம் லோரியைச் சூடேத்தாம எடுப்பேனா? மூட்டுக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு தண்ணி இருக்கு புள்ள. சும்மா கிடந்தா கெட்டியாயிடும். ஆட்டி அசைச்சாத்தான் இளகி வழுக்கும்."

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாதாம். நடக்க நடக்க அமுங்கி விரிந்து, பஞ்சு மாதிரி அந்தத் தண்ணீரைத்தான் உறிஞ்சிக் குடிக்குமாம். சின்னையா பாடம் நடத்தினார்.

ஆனால் மனுஷனுக்கு ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. குதிகாலைத் தூக்கு என்றால் தடுமாறினார். முட்டியை மடக்கு என்றால் முதுகை மடக்கினார். பொறுக்க மாட்டாமல், "இப்படிங்க" என்று நல்லம்மாளே செய்து காட்டினாள். தினமும் காட்ட வேண்டியிருந்தது. தனியாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்று அவர் சொன்னதால், திட்டிக்கொண்டே பந்துத் திடலைச் சுற்றி வந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் சின்னையா ஓரளவு தேறியிருந்தார். நன்றி சொல்ல, வீட்டில் காய்த்த வாழைச்சீப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனாள் நல்லம்மாள்.

"உங்க புண்ணியத்துல அவரு முட்டி பரவாயில்லைங்க, ஐயா."

உமாபதி விழித்தார்.

"அவர் முட்டிக்கு என்னம்மா? கல்லு மாதிரி இருக்கு. நீங்கதான் கீழ உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாம சுவரைப் பிடிக்கிறீங்களாம். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டீங்க, நடக்கச் சொன்னா வெட்கப்படுவீங்க, என்ன செய்யலாம்னு வந்து கேட்டாரு. இப்ப எப்படி இருக்கு?"

நல்லம்மாள் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். கடைசியாக எப்போது சுவரைப் பிடித்தோம் என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் சின்னையா வாசலில் நின்று வழக்கம்போல் தடுமாறினார். நல்லம்மாள் போய் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா வாங்க. பாவம், உங்களுக்குத்தான் முடியாதே."