வெளியே போகும் சிக்னல்

"பொண்ணு தூங்குறா" என்று அந்த அம்மா சொன்னதும், இன்டர்நெட் லைனைச் சரிபார்க்க வந்தவன் கருவிப் பையைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான். சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்துக் குரலையும் தாழ்த்திக்கொண்டான்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. நல்லா சத்தமாவே பேசுங்க" என்றாள் அவள்.

சொன்னதோடு நிற்காமல் சமையலறைக்குள் போய் மிக்ஸியை ஓடவிட்டாள். கூடத்தில் அவள் கணவர் ரேடியோவை அலறவிட்டு, அதற்கும் மேலே குரலை உயர்த்திச் செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தார். டப்பா மூடி எங்கே என்று அவள் உள்ளேயிருந்து கேட்க, நீ எதைத்தான் வைத்த இடத்தில் தேடியிருக்கிறாய் என்று இவர் இங்கிருந்து கத்தினார். பட்டப்பகலில் இத்தனை ரகளைக்கு நடுவிலும் ஒருத்தி தூங்குகிறாள் என்றால் கொடுத்து வைத்தவள்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கதவோரம் இரண்டு பெட்டிகள் பூட்டித் தயாராக இருந்தன. வெளிநாட்டுப் பயணமா என்று கேட்டான். ஆமாம், விசா இன்னும் கைக்கு வரவில்லை, வந்த அன்றைக்கே கிளம்பிவிடுவோம் என்றார் அவர். இவர்களுக்கென்ன கவலை என்று தோன்றியது அவனுக்கு.

ஆனால் அவர் சொன்ன புகார்தான் புதிதாக இருந்தது. படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, டவுன்லோடு ஆக மாட்டேன் என்கிறது என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"வர்றது எப்படி வேணா வரட்டும் தம்பி. இங்கேருந்து போறதுதான் அறுந்து அறுந்து போகுது. அதை மட்டும் சரிபண்ணிக் குடுங்க."

மீட்டரை மாட்டிப் பார்த்தான். அவர் சொன்னது சரிதான். உள்ளே வரும் சிக்னலில் குறையில்லை, வெளியே போவதுதான் திணறியது. முன்பு வந்தவர்கள் மோடத்தையே மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். இவன் மொட்டை மாடிக்குப் போய்த் துருப்பிடித்த கேபிள் முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டான். லைனைத் தேவையில்லாமல் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்த பழைய ஸ்ப்ளிட்டரையும் கழற்றி எறிந்தான்.

இறங்கி வந்து, மோடத்தை அணைத்துப் போடப்போவதாகவும் கொஞ்ச நேரம் லைன் இருக்காது என்றும் சொன்னான்.

மிக்ஸி நின்றது. ரேடியோவும் நின்றது. அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார், அவள் ஈரக் கையோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் மோடத்தின் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி விளக்கு மினுக்குவதை விட்டுப் பச்சையாக நின்றதும், அவள் விடுவிடுவென்று உள்ளே போய் யாருக்கோ மறுபடி போன் போட்டுவிட்டு மிக்ஸியைப் போட்டாள். அவர் விட்ட வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

என்ன மனிதர்களோ என்று நினைத்தபடி மீட்டரைப் பார்த்தான். சிக்னல் கொஞ்சம் தேறியிருந்தது, அவ்வளவுதான். திரும்பவும் சரிந்தது.

தெருவுக்குப் போய்க் கம்பத்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் இறங்கி, கேபிளே பாழாகியிருந்தது. அதை மாற்றுவது வேறு ஆட்களின் வேலை. ஆபீசுக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தான், அடுத்த வாரம்தான் முடியும் என்றார்கள்.

இதைக் கேட்டதும் அந்தப் பெரியவர் முகம் செத்துப்போனது. மேனேஜரிடம் பேசலாமா, அவருக்கும் மேலே யாராவது இருக்கிறார்களா, பக்கத்து வீட்டு லைனிலிருந்து இழுக்க முடியுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இவன் கையை விரிக்க வேண்டியிருந்தது.

"ஒரு வாரம்னா எப்படிப்பா?" என்றார்.

இருக்கிற லைனிலாவது பாரத்தைக் குறைக்கலாமே என்று, வீட்டில் எந்தெந்தக் கருவி ஓடுகிறது என்று பார்த்தான். ஒன்று மட்டும் மூச்சு விடாமல் எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. தேடிக்கொண்டு சமையலறை வரைக்கும் போனான். அலமாரியில், உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தபடி ஒரு போன் சார்ஜில் கிடந்தது. வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஆள் யாருமில்லை, ஏதோ ஒரு வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது.

அவனுக்கு அலுப்பாகிவிட்டது. இதற்குத்தானா இத்தனை பாடு?

"அம்மா, யாருக்கோ போன் போட்டுட்டு கட் பண்ண மறந்துட்டீங்க. எதிர்ல ஆளே இல்ல. இதை நிறுத்தினாலே பாதி சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பொத்தானைத் தொடப் போனான்.

பின்னாலிருந்து வந்த கை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பெரியவரின் கை.

அந்த அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். போனின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவன் வந்ததிலிருந்து முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க வெளிநாட்டு ஆஸ்பத்திரியில என் பொண்ணு கண்ணு முழிக்காம கிடக்கா தம்பி. நம்ம வீட்டுச் சத்தம் காதுல விழுந்தா எழுந்துக்குவாளோன்னுதான் நாங்க கத்திக்கிட்டு இருக்கோம்."