எலுமிச்சம்பழத்தில் ஏறாத கார்

என் கார் லாரியில் மோதி நசுங்கிக் குப்பையானது; அதை ஓட்டிய எந்திர மூளை மட்டும் தப்பியது. இன்ஷூரன்ஸ் அதிகாரி தணிகாசலம் இழப்பீடு தர மறுத்துவிட்டார்.

"காரோட மூளை உயிரோடதானேம்மா இருக்கு? அப்போ வண்டி சாகலை. பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மாதம் கட்டினேன்.

புதுக் கார்களுக்கு மூளை பொருத்துவதுதான் ஷோரூமில் என் வேலை. போன வாரம் அந்த ஆளே எங்களிடம் கார் எடுத்தார். என் காரின் மூளையை அதில் பொருத்தி அனுப்பினேன்.

இன்று கோயில் வாசலில் பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சுற்றிலும் சொந்தபந்தம். கார் அசையவில்லை. தணிகாசலம் எனக்குப் போன் செய்தார். "ஐயோ, லாரி வருது!" என்று கார் அலறுவது போனிலேயே கேட்டது.

"மூளை செத்துப்போச்சும்மா! உடனே மாத்துங்க!"

"அது என் காரோட மூளைதான் சார். செத்துப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மாத்தித் தர்றேன்."