தினமும் ஒரு சந்தேகம்

"தொட்டியத்துலேருந்து வீரமலைன்னு ஒருத்தர் வந்திருக்காராம்மா? கம்ப்யூட்டருக்குப் புதுசு. இவ்வளவு கூட்டத்தைப் பாத்துத் திகைச்சுப் போயிருப்பாரு, பாவம்."

துவாக்குடியில் ஒரு கல்லூரி வாசல். லினக்ஸ் கணினி மென்பொருள் மாநாட்டுக்கு வந்தவர்களின் பெயரைப் பதிந்துகொண்டிருந்த லிசியிடம் கேட்டார் நசுருதீன். அவள் நிமிர்வதற்குள் பின்னாலிருந்து நாலைந்து பேர் அவரை நெருக்கித் தள்ளிவிட்டார்கள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார், பாத்துச் சொல்றேன்."

ஓரமாக நிற்பது அவருக்குப் பழகிவிட்டது. இணையத்தில் 'மலைக்கோட்டை லினக்ஸ் குழு'வைப் பதினான்கு வருடமாக நடத்துபவர் அவர்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. யார் என்ன சந்தேகம் கேட்டாலும் பாலக்கரை வீட்டிலிருந்தபடியே தமிழில் பதில் எழுதுவார். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் குழு முதன்முதலாகக் கூடியபோது இடம் போதாமல் பாதிப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மனைவி நசீரா ஒரு தூக்கு நிறையச் சுண்டல் கொடுத்தனுப்பியிருந்தாள்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் ஏஐயிடம் கேட்டுக்கொள்கிறார்கள். குழுவில் நாலாயிரம் பெயர் இருக்கிறது, பேச்சு இல்லை. நசீரா மௌத்தாகி, அவளை அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டிலும் பேச்சு இல்லை. மகள் தஹ்ஸீன் மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள். "சாப்டீங்களா அத்தா? மாத்திரை போட்டீங்களா?" அதற்குமேல் இரண்டு பேருக்குமே வார்த்தை வராது.

மிச்சமிருந்தவர் வீரமலை ஒருவர்தான். தினமும் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து குழுவில் ஒரு கேள்வி வந்து விழும். 'ஃபைலை அழிச்சா திரும்ப எடுக்க முடியுமா பாய்?' 'ஸ்கிரீன்ல எழுத்து சின்னதா தெரியுதே, எப்படிப் பெருசாக்குறது பாய்?'

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்காருவார் நசுருதீன். படமெல்லாம் போட்டு, ஒவ்வொரு படியாக விளக்கி எழுதுவார். 'சரிங்க பாய்' என்று ஒரு வரி வரும். அதோடு சரி. விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று வீரமலை ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருமுறை காய்ச்சலில் படுத்த நசுருதீன் மத்தியானம்தான் கணினியைத் திறந்தார். பார்த்தால் ஒரே கேள்வியை வீரமலை நான்கு தடவை போட்டிருந்தார். 'இவ்வளவு அவசரம் ஆகாது தம்பி' என்று செல்லமாகக் கடிந்துகொண்டு பதில் எழுதினார்.

குழுவை இந்த மாதத்தோடு மூடிவிடுவது என்று முடிவுசெய்தாகிவிட்டது. வீரமலையை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. வாழைத் தோட்டத்து மனிதர், இனி யாரிடம் போய்க் கேட்பார்? மாநாட்டுக்கு எப்படியும் வருவார் என்ற நம்பிக்கையில், அவருக்காகவே அடிப்படைப் பாடங்களை நாற்பது பக்கத்துக்கு அச்செடுத்து, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தார்.

"சார்!" லிசி கூப்பிட்டாள். "தொட்டியம் வீரமலை சாரைத்தானே கேட்டீங்க? உள்ள மேடையில பேசிக்கிட்டிருக்காரு. இன்னைக்கு முதல் பேச்சே அவரோடதுதான்."

"அவரா இருக்காதும்மா. இவரு விவசாயி."

"குடும்பம்தான் சார் விவசாயம். அவரு இருபது வருஷமா பெங்களூர்ல லினக்ஸ் சர்வர் வேலை பாக்குறாரு. அவருகிட்ட பாடம் கேக்கத்தான் இத்தனை பேரு வந்திருக்காங்க."

நசுருதீன் அரங்கத்துக்குள் எட்டிப்பார்த்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் திரையில் அவர் பெயர், பக்கத்தில் ஒரு வாழைப்பூ படம். குழுவில் தினமும் காலையில் பார்க்கிற அதே படம்.

நசுருதீனுக்குக் காது சுட்டது. எழுநூறு பதில். விரல் வலிக்க வலிக்கத் தட்டியது.

கைதட்டல் எழுந்தபோது வெளியே திரும்பிவிட்டார். வாசலைத் தாண்டுவதற்குள் ஒருவர் ஓடிவந்து வழிமறித்தார்.

"நசுருதீன் பாய்தானே? குழுவுல உங்க போட்டோ பாத்திருக்கேன். நான்தான் வீரமலை."

"எழுத்தைப் பெருசாக்கத் தெரியலைன்னு கேட்டது நீங்கதானா?" என்று கேட்டார் நசுருதீன். "ஒரு கிழவனை வச்சு ரெண்டு வருஷம் விளையாடியிருக்கீங்க. நல்லா சிரிச்சிருப்பீங்க."

வீரமலையின் முகம் சுருங்கிப்போனது. கைகுலுக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, அவரை ஜன்னலோரமாக அழைத்துப்போனார்.

"ஒருநாளும் சிரிச்சதில்லை பாய். உங்க வீட்டம்மா தவறின அந்த வாரம், குழுவுல ஒரு வரி போட்டீங்க. போட்ட வேகத்துல அழிச்சிட்டீங்க. நான் அதைப் படிச்சிட்டேன்."

நசுருதீன் தலையைக் குனிந்துகொண்டார். 'இனி எனக்கு விடியாமலே இருந்தால் தேவலை.' யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"உங்க நம்பர் தெரியாது, வீடு தெரியாது. என்ன செய்யறதுன்னே புரியலை. மறுநாள் காலைல குழுவுல ஒரு கேள்வி போட்டேன். நீங்க பதில் எழுதினீங்க. அப்புறம் தினமும் போட்டேன்."

"பதில் தெரிஞ்சுக்கிட்டே எதுக்குத் தம்பி கேட்டீங்க?"

"பதில் எனக்குத் தெரியும் பாய். நீங்க எந்திரிச்சிட்டீங்களான்னுதான் தெரியாது."