சுரண்டலா, லேசரா?

“ஒண்ணு, உள்ளே குழாயை விட்டுச் சுரண்டி எடுக்கலாம். இல்லேன்னா லேசர்ல குடைஞ்சு எடுக்கலாம். ரொம்பப் பெருசா இருந்தா அடிவயித்தைக் கீறித்தான் ஆகணும்.”

மேசை மேலிருந்த பிளாஸ்டிக் மூத்திரப்பை பொம்மையைப் பேனாவால் தட்டித் தட்டிச் சொன்னார் டாக்டர். அதன் அடியில் பிராஸ்டேட் சுரப்பி நெல்லிக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கணவர் முகம் சுண்டியது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாவம், இந்த மனுஷனைப் போய் சந்தேகப்பட்டோமே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கணவரின் தண்ணீர் கேன் வண்டி தினமும் மத்தியானம் தையல்காரி வீட்டு வாசலில் நிற்கிறது என்று போன மாதம் யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். ஆட்டோ பிடித்துப் போய், தெருவே எட்டிப் பார்க்கும்படி கதவை இடித்தாள். திறந்தது கணவர்தான், ஈரக் கையோடு.

வீட்டுக்கு வந்ததும் மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “எனக்கு பிராஸ்டேட் வீக்கம்டி. வண்டி ஓட்டுறப்போ அடக்க முடியல. அந்தப் பொண்ணு இரக்கப்பட்டு பாத்ரூமை விடுது. வெளியில சொல்ற சங்கதியா இது?”

ஊருக்கெல்லாம் தண்ணீர் போடுகிறவருக்குத் தண்ணீர் போவதிலேயே இப்படி ஒரு சோதனையா! அழுது தீர்த்தாள். மறுநாளே தையல்காரியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, தலையணை உறைக்குத் துணியும் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவர் எவ்வளவோ மல்லுக்கட்டினார். அவள் விடுவாளா? இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்?” டாக்டர் கேட்டார்.

“அஞ்சாறு தடவை” என்றார் கணவர், பேனாவைப் பார்த்தபடி.

“நான் படுத்தா கட்டை டாக்டர். பக்கத்துல இவர் படுற பாடு தெரியாமத் தூங்கியிருக்கேன், பாவி.”

“இன்னொண்ணும் சொல்லிடறேன். சுரண்டினாலும் சரி, லேசர் வச்சாலும் சரி, விந்து வெளியே வராம மூத்திரப்பைப் பக்கம் திரும்பிடலாம். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது.”

கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“கிடக்கட்டும் டாக்டர்” என்றாள் மனைவி. “இந்த வயசுல அது எந்தப் பக்கம் போனா என்ன?”

“அப்போ ஸ்கேன் பார்த்துட்டு எதுன்னு முடிவு பண்ணலாம். நிறையத் தண்ணி குடிச்சுட்டு, கூப்பிடுற வரைக்கும் அடக்கிட்டு உட்காருங்க. எவ்வளவு வேகமாப் போறார்னும் மிஷின்ல பார்க்கணும்.”

வெளியே பெஞ்சில் வரிசையாக ஆண்கள். ஒருவர் தொடையை இறுக்கிக்கொண்டு நெளிந்தார். இன்னொருவர் நர்ஸ் திட்டத் திட்டக் கழிவறைக்கு ஓடினார். இவர் மட்டும் பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு, கால் மேல் கால் போட்டு, இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

“சின்னப் பிள்ளையா நீங்க? நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க.”

“நீ இருக்கே, அதான்...” என்று எதையோ சொல்ல வந்து முழுங்கிக்கொண்டார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். தூக்குமேடைக்குப் போகிறவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனார். அவள் சுவரோரம் நின்று முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். ‘கடவுளே, வயிற்றைக் கீறாமல் விட்டுவிடு. லேசரோடு போகட்டும். இனிமேல் இந்த மனிதரை ஒரு சொல் சொல்லமாட்டேன்.’

கதவு திறந்தது. டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

“ஆபரேஷனே வேண்டாம்மா! வீக்கமும் இல்ல, அடைப்பும் இல்ல. உங்க வீட்டுக்காரர் இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கார்.”